பிரெஸ்ட்விக்கில் 12 ஹோல்தான் என்றால், முதல் ஓபன் போட்டிகளின் ஸ்கோரை எப்படிப் படிப்பது?

மேட்டுப்பந்து

வணக்கம். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் தொடங்கிய ஓபன் கோல்ஃப் சாம்பியன்ஷிப்பின் தொடக்க கால முடிவுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். மூன்று இடத்தில் தடுக்குகிறது.

முதலில் ஸ்கோர், அதாவது மொத்தம் எத்தனை அடி (ஸ்ட்ரோக்) ஆனது என்ற கணக்கு. குறைவாக எடுத்தவர்தான் ஜெயிப்பார். 1860-ல் வில்லி பார்க் 174. 1862-ல் டாம் மாரிஸ் 163. 1870-ல் அவர் மகன் 149. இன்றைய நான்கு நாள் மொத்தம் 270, 280 என்று வருகிறதே, அதோடு இதை எப்படி ஒப்பிடுவது? மைதானத்தில் மொத்தமே 12 ஹோல்தான் (ஒரு குழியும் அதுவரை ஆடிச் செல்லும் பாதையும் சேர்ந்தது ஒரு ஹோல்) என்கிறார்கள். அப்படியானால் எத்தனை சுற்று, பார் (நல்ல ஆட்டக்காரர் எடுக்கவேண்டிய அடிகளின் எண்ணிக்கை) எவ்வளவு?

அடுத்தது 1871. பட்டியலில் அந்த ஆண்டே இல்லை. உலகப்போர் ஆண்டுகள் விடுபட்டிருப்பது புரிகிறது. 1871-க்கு என்ன வந்தது?

கடைசியாக, எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். பிரெஸ்ட்விக்கில் ஓபன் 24 முறை நடந்திருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அடுத்து இதுதான். ஆனால் 1925-க்குப் பிறகு ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. "கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கூட்டம் எல்லா மைதானத்துக்கும்தானே வரும்? இந்த ஒரு மைதானத்துக்கு மட்டும் ஏன் அதுவே முடிவானது?

தெரிந்தவர்கள் விரிவாகவே சொல்லுங்கள், படிக்க நேரம் இருக்கிறது.

கெஜக்கோல்

ஸ்கோரிலிருந்து தொடங்குகிறேன். மைதானத்தின் அமைப்பு பிடிபட்டுவிட்டால் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

1860 அக்டோபர் 17, புதன்கிழமை. ஆடியவர்கள் 8 பேர். 12 ஹோலை ஒரே நாளில் மூன்று முறை சுற்றினார்கள், ஆக 36 ஹோல். மஸல்பரோக்காரரான வில்லி பார்க் 55, 59, 60 எடுத்து 174. பெரிய டாம் மாரிஸ் 58, 59, 59 எடுத்து 176. மைதானத்தை அமைத்தவரும் அவர்தான், பராமரித்தவரும் அவர்தான். ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரிந்தவர் இரண்டு ஸ்ட்ரோக்கில் தோற்றார். அடுத்த ஆண்டு 163 எடுத்து ஜெயித்தார். 1862-ல் மறுபடியும் 163, இரண்டாவதாக வந்த பார்க்கை விட 13 குறைவு. ஒரு மேஜர் போட்டியில் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளை அப்படிச் சொல்வார்கள்) அந்த இடைவெளியைத் தாண்ட 2000-ம் ஆண்டு வரை ஆனது: பெபிள் பீச்சில் நடந்த யு.எஸ். ஓபனில் டைகர் வுட்ஸ் 15 ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார்.

பார் என்ற கணக்கு அப்போது கிடையாது. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ஹோலுக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 ஹோலுக்கு 144. 1860-ன் 174 அதைவிட 30 அதிகம், 1870-ன் 149 வெறும் 5 அதிகம். பத்தே ஆண்டில், அதே மைதானத்தில், 25 ஸ்ட்ரோக் குறைந்திருக்கிறது. பெரிய டாமின் மகன் சின்ன டாமின் பெருமை இங்கேதான் இருக்கிறது. 149-ஐ இரண்டால் பெருக்கி 298 ஆக்கி, இன்றைய 72 ஹோல் ஸ்கோர் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தப் பெருக்கலில் எல்லாமே தொலைந்துபோகும்.

ஏன் என்றால் தூரத்தைப் பாருங்கள். 12 ஹோலும் சேர்ந்து 3,799 கெஜம். சராசரி ஹோலுக்கு 317 கெஜம்கூட வராது, கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் முதல் ஹோல் மட்டும் 578 கெஜம்! மற்றவற்றில் சில 200-க்கும் குறைவு. அன்றைய பந்தில் நல்ல ஆட்டக்காரர் ஓங்கி அடித்தாலும் 200 கெஜத்தை ஒட்டித்தான் போகும். அதாவது முதல் ஹோலில் மூன்று முழு அடி, மூன்றிலும் பிசகு கூடாது, அதற்கு மேல்தான் க்ரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல் தரை) தட்டுவது. 1870-ல் சின்ன டாம் அந்த ஹோலை மூன்றே ஸ்ட்ரோக்கில் முடித்தார். மூன்றாவது அடி நேரே குழிக்குள். அந்தச் சுற்றில் 47, பிறகு 51, 51. இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் 12 ஸ்ட்ரோக் இடைவெளி.

இன்னொரு விஷயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டீ என்று, அதாவது ஒரு ஹோலின் முதல் அடியை அடிக்க, தனி இடம் அப்போது இல்லை. ஒரு ஹோலை முடித்ததும் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே, சில கோல் நீளத்துக்குள், அடுத்த ஹோலைத் தொடங்க வேண்டும். பந்தை உயர்த்தி வைக்க மணல் வேண்டும். எங்கே கிடைக்கும்? குழிக்குள்ளேயே கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து, தரையில் குவித்து, அதன் மேல் பந்தை வைப்பார்கள். ஆட ஆடக் குழி ஆழமாகிக்கொண்டே போகும், விளிம்பு உதிரும், வாய் கோணலாகும். அதற்கு உள்ளே உலோகக் கிண்ணம் எதுவும் இல்லை. குழியின் விட்டம் 4¼ அங்குலம் என்று விதியே 1891-ல்தான் வந்தது. குழியைச் சுற்றி நின்று ஓங்கி அடித்து மிதித்த தரையில்தான் பின்னால் வருபவர் பட் செய்ய (பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டித் தட்ட) வேண்டும். புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை ஆடுகளும் முயல்களும்தான். டீயைத் தனியாகப் பிரிப்பது 1870-களின் நடுவில்தான் விதியில் ஏறியது. இந்தத் தரையில் 51 எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது கேள்விக்காக இதை மட்டும் நினைவில் வையுங்கள்: குறுகிய நிலத்தில் 12 ஹோலை அடக்கியதால் ஒரு ஹோலின் பாதை இன்னொன்றை வெட்டிக்கொண்டு போகும். 8 பேர் ஆடும்போது அது ஒரு பொருட்டே இல்லை.

குட்டா28

மேலே சொன்னதோடு பந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்தை விட்டுவிட்டால் அந்தக் கால ஸ்கோர் பாதிதான் புரியும்.

1848 வாக்கில்தான் குட்டா பெர்ச்சா பந்து வந்தது. அதற்கு முன் இறகுப் பந்து. தோல் துண்டுகளைப் படிகார நீரில் ஊறவைத்து, தைத்து, தையல் உள்பக்கம் போகும்படி புரட்டி, விட்டுவைத்த சின்ன ஓட்டை வழியாக வேகவைத்த வாத்து இறகை இரும்புக் கம்பியால் திணிப்பார்கள். ஒரு பந்துக்கு உயரத் தொப்பி ஒன்று நிறைய இறகு வேண்டும். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும், இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பந்து கல்லாகும். தேர்ந்த கைக்கே நாளைக்கு மூன்று அல்லது நான்குதான் தேறும். விலையும் அதற்கேற்ப. மழையில் நனைந்தால் பாரம் ஏறும், தையல் விட்டுவிடும், இரும்புக் கோல் தப்பிப் பட்டால் கிழியும்.

குட்டா பெர்ச்சா மலாய்த் தீபகற்பத்துப் பக்கத்துக் காட்டு மரங்களின் பால். மலாய் மொழியில் கெத்தா என்றாலே மரப்பால்தான். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். பந்து செய்வதும் அவ்வளவுதான்: இளக்கி, வேண்டிய அளவு வெட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, குளிர்ந்த நீரில் போட்டு இறுக்குவது. பிறகு அச்சு வந்தது. உருட்டும்போது உள்ளே மடிப்போ காற்றோ தங்கிவிட்டால் பின்னால் அந்த இடத்தில்தான் பிளக்கும். அதனால் சுடச்சுட, ஒரே மூச்சில் உருட்டி முடிக்க வேண்டும். செய்தவுடன் ஆடக்கூடாது. மாதக்கணக்கில் அடுக்கில் வைத்துப் பதப்படுத்தி, வண்ணம் பூசித்தான் விற்பார்கள்.

ஆரம்பத்தில் வழவழப்பாகச் செய்த பந்து சரியாகப் பறக்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திடீரென்று தலை குப்புற விழும். இரும்புக் கோல் பட்டுப் பட்டு வடு விழுந்த பழைய பந்துதான் நன்றாகப் பறந்தது! அதைக் கவனித்த பிறகு சுத்தியலின் மெல்லிய முனையால் பந்து முழுக்க வரிவரியாகக் கொத்தி விற்க ஆரம்பித்தார்கள். காரணம் இன்றைக்கு நமக்குத் தெரியும்: மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் காற்று பந்தோடு ஒட்டி இன்னும் பின்னால் வரை போய்ப் பிரியும், இழுவை குறையும், பின்சுழற்சியும் பந்தைத் தூக்கிப் பிடிக்கும். இன்றைய பந்தில் இருக்கும் குழிகளின் மூதாதை அந்தச் சுத்தியல் வடுதான்.

பந்தின் மேல் 27, 28 என்று எண் குத்தியிருக்கும். அது பென்னிவெயிட் என்ற பழைய அளவில் எடை. 28 என்றால் ஏறக்குறைய 43.5 கிராம். இன்றைய விதிப்படி அதிகபட்சம் 45.93 கிராம். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. துள்ளல்தான் இல்லை. குட்டா பந்தை நடுவில் சரியாக அடிக்காவிட்டால் கை அதிரும். குளிரில் இன்னும் மோசம், நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஓபன் நடந்ததோ செப்டம்பர், அக்டோபரில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரைக் காற்றில். பறக்கும்போதே பந்து இரண்டாக உடைவது அன்று சாதாரணம். அதற்கென்றே விதி இருந்தது: பெரிய துண்டு எங்கே கிடக்கிறதோ அங்கே புதுப் பந்தை வைத்து ஆட வேண்டும். உடைந்ததை வீசிவிடவும் மாட்டார்கள், மறுபடி இளக்கி உருட்டலாம்.

இந்தப் பந்து இல்லையென்றால் பெரிய டாம் பிரெஸ்ட்விக்குக்கே வந்திருக்க மாட்டார் என்பது என் கருத்து. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்சனிடம் இறகுப் பந்து செய்யும் தொழிலில் இருந்தவர் அவர். குட்டா வந்தால் பிழைப்பு போய்விடும் என்று ராபர்ட்சன் அதைக் கடுமையாக எதிர்த்தார். டாம் அந்தப் பந்தை எடுத்து ஆடினார், இருவரும் பிரிந்தார்கள். 1851-ல் பிரெஸ்ட்விக் கிளப் தொடங்கியபோது ஜேம்ஸ் ஓகில்வி ஃபேர்லி அவரை மைதானக் காப்பாளராக அழைத்துக்கொண்டார். டாம் அங்கே 1864 வரை இருந்தார்.

சிவப்புத்தோல்

1871 பற்றி நான் சொல்கிறேன். அந்த ஆண்டு போட்டி இல்லாததற்குக் காரணம் ரொம்ப எளிது: பரிசு இல்லை.

ஆலன் ராபர்ட்சன் 1859-ல் இறந்தார். அவர் இருந்தவரை சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். அடுத்து யார் என்று முடிவு செய்யத்தான் ஃபேர்லியும் எக்லின்டன் பிரபுவும் பிரெஸ்ட்விக் கிளப் மூலமாக இந்தப் போட்டியை ஏற்பாடு செய்தார்கள். மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் போனது, நன்னடத்தை உள்ள கேடிகளை (ஆட்டக்காரரின் கோல்களைச் சுமப்பவர்கள்) அனுப்பி வையுங்கள் என்று. தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்றால் அன்று கேடி வேலையும் பந்து, கோல் செய்யும் வேலையும் பார்த்தவர்கள்தான். 1861-ல் போட்டியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஓபன் என்ற பெயருக்கு அர்த்தம் வந்தது அப்போதுதான்.

பரிசு ஒரு பெல்ட். சிவப்பு மொராக்கோ தோல், வெள்ளிப் பட்டயங்கள், விலை 25 பவுண்டு. குத்துச்சண்டை வீரர்களுக்குக் கொடுப்பது மாதிரி. பணம் கிடையாது. பத்திரமாகத் திருப்பித் தருவேன் என்று உத்தரவாதம் கொடுத்தால்தான் ஜெயித்தவர் கைக்கே பெல்ட் வரும், இல்லையென்றால் கிளப் பொருளாளரிடமே இருக்கும். 1863-ல் முதல்முறையாக 10 பவுண்டு ஒதுக்கி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடத்துக்கு 5, 3, 2 என்று பிரித்தார்கள். முதலிடத்துக்கு அந்த ஆண்டும் பெல்ட் மட்டும்தான்! அடுத்த ஆண்டு வெற்றியாளருக்கு 6 பவுண்டு கொடுத்தார்கள்.

விதியில் ஒரு வரி இருந்தது: தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் பெல்ட் அவருக்கே சொந்தம். பெரிய டாம் 1861, 1862 இரண்டும் ஜெயித்து மூன்றாவதில் பார்க்கிடம் இரண்டு ஸ்ட்ரோக்கில் விட்டுவிட்டார். அவருடைய நான்காவது வெற்றி 1867-ல், 46 வயதில். மறு ஆண்டே 17 வயது மகன் ஜெயித்தான். ஓபனில் மிக மூத்த வெற்றியாளர், மிக இளைய வெற்றியாளர் என்ற இரண்டு சாதனையும் அடுத்தடுத்த ஆண்டில் ஒரே வீட்டில் விழுந்தன. இரண்டும் இன்றுவரை அப்படியே நிற்கின்றன. சின்ன டாம் 1868, 1869, 1870 மூன்றையும் எடுத்தார். பெல்ட் வீட்டுக்குப் போய்விட்டது.

புதுப் பரிசு யார் வாங்குவது, போட்டி பிரெஸ்ட்விக்கிலேயே நடக்க வேண்டுமா, மற்ற கிளப்புகளையும் சேர்த்துக்கொள்வதா என்று பேசிக்கொண்டே 1871 ஓடிப்போனது. 1872-ல் தான் முடிவு: பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட், மஸல்பரோவில் ஆடிக்கொண்டிருந்த எடின்பரோவின் ஹானரபிள் கம்பெனி, மூன்றும் ஆளுக்கு 10 பவுண்டு போட்டு 30 பவுண்டுக்குக் கோப்பை. போட்டி மூன்று இடத்துக்கும் மாறி மாறிப் போகும். கோப்பையை எத்தனை முறை ஜெயித்தாலும் யாருக்கும் சொந்தமாகாது. பட்ட பாடம் அது. 1872 போட்டி பிரெஸ்ட்விக்கில் நடந்தபோது கோப்பை தயாராகவில்லை. சின்ன டாம் நான்காவது முறையாக ஜெயித்து ஒரு பதக்கத்தோடு போனார். கோப்பையைக் கையில் வாங்கிய முதல் ஆள் 1873-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஜெயித்த டாம் கிட். ஆனால் அதில் பொறித்திருக்கும் முதல் பெயர் 1872-ன் சின்ன டாம்தான். அவர் 1875 கிறிஸ்துமஸ் அன்று, 24 வயதில் இறந்தார். பெல்ட் இப்போது செயின்ட் ஆண்ட்ரூஸில் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பிடம் இருக்கிறது.

மேட்டுப்பந்து

மூவருக்கும் நன்றி. குழிக்குள் கைவிட்டு மணல் எடுத்து டீ போட்டார்கள் என்பது எனக்குப் புதிது, 1860 ஸ்கோரையே வேறு மாதிரி பார்க்க வைத்துவிட்டது. 1925 மட்டும் பாக்கி. மெக்டொனால்ட் ஸ்மித் கூட்டத்தால்தான் தோற்றார் என்பது உண்மையா?

பௌபர்ன்

பாதி உண்மை. மைதானத்தை விட்டுவிட்டு அந்தத் தோல்வியை மட்டும் பேசுவதால்தான் குழப்பம்.

முதலில் எண்கள். மூன்று சுற்று முடிந்தபோது ஸ்மித் 76, 69, 76, மொத்தம் 221. ஜிம் பார்ன்ஸ் 226. பார்ன்ஸ் சீக்கிரமே கிளம்பி, கடைசிச் சுற்றை 74-ல் முடித்து 300 போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்மித்துக்கு 78 போதும், கோப்பை கையில். எடுத்தது 82. மொத்தம் 303, நான்காவது இடம். கார்னூஸ்டியில் பிறந்து அமெரிக்கா போன ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் அவர் ஜெயிப்பதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் திரண்டு அவர் பின்னாலேயே நடந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே வாரத்தில் இரண்டு சுற்றில் அவர் 76 எடுத்திருக்கிறார். 78 என்பது அவருக்கு அள்ளிக் கொடுத்த இடைவெளி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் விலகக் காத்து நின்றது அவரைக் குலைத்தது நிச்சயம். 82-ல் எத்தனை ஸ்ட்ரோக் கூட்டத்தின் கணக்கு, எத்தனை அவர் கணக்கு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் அசல் கேள்வி. கூட்டம் மற்ற மைதானத்தில் தாங்கியது, பிரெஸ்ட்விக்கில் ஏன் தாங்கவில்லை?

நிலத்தைப் பாருங்கள். கிழக்கே ரயில் பாதை, மேற்கே கடற்கரை, நடுவில் புகுந்து வரும் பௌ பர்ன் ஓடை. 1880-களின் தொடக்கத்தில் 18 ஹோல் ஆக்கியபோது வடக்கே சுவருக்கு அப்பால் புது நிலம் சேர்த்தார்கள். ஆனால் தொடக்க ஹோல்களும் முடிவு ஹோல்களும் பழைய 12 ஹோல் நிலத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு போட்டியில் கூட்டம் அதிகமாகச் சேர்வது எங்கே? தொடக்கத்திலும் முடிவிலும். மிகக் குறுகலான இடத்தில் மிக அதிகமான ஆட்கள்.

அதோடு மேடுகள். பிரெஸ்ட்விக்கின் சிறப்பே கண்மூடி அடிக்கும் ஹோல்கள். 17-வது ஹோலான ஆல்ப்ஸில் இரண்டாவது அடியை ஒரு பெரிய மணல் மேட்டுக்கு மேலே தூக்கி அடிக்க வேண்டும். க்ரீன் அந்தப் பக்கம் பள்ளத்தில் இருக்கிறது, முன்னால் சஹாரா என்ற பெரிய பங்கர் (மணல் பள்ளம்). அடிப்பவருக்கு எதுவும் தெரியாது. பார்க்க வந்தவர்களோ இரண்டு பக்கமும் தெரியும் இடம் தேடி அந்த மேட்டின் மேலேயே ஏறி நிற்பார்கள். அதாவது பந்து போகவேண்டிய கோட்டில். சமதளமான மைதானத்தில் கூட்டம் ஓரமாக ஒதுங்கினால் வழி கிடைத்துவிடும். இங்கே ஒதுங்கினால் ஆட்டமே கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஒதுங்க மாட்டார்கள்.

மூன்றாவது, வாசல். முதல் ஹோலின் பெயரே ரயில்வே. வலப்பக்கக் கல்சுவருக்கு அப்பால் தண்டவாளம், பக்கத்திலேயே ஸ்டேஷன். கிளாஸ்கோவிலிருந்து ரயில் ஏறினால் நேரே மைதானத்தில் இறங்கலாம். 1925-ல் நுழைவுக் கட்டணம் கிடையாது! ஓபனுக்கு முதன்முதலில் டிக்கெட் போட்டது அடுத்த ஆண்டு, ராயல் லிதம் மைதானத்தில். பார்வையாளர்கள் ஆட்டக்காரர்களோடு ஃபேர்வேயிலேயே (டீயிலிருந்து க்ரீன் வரை போகும் புல் பாதை) நடந்த காலம் அது. இன்றைக்கு இருப்பது போல ஃபேர்வே நெடுக ஓரத்தில் கயிறு கட்டும் வழக்கம் வரவில்லை. நிறுத்தி வைக்கத் தொண்டர்கள் மட்டும்தான்.

கட்டணமும் கயிறும் வந்தபிறகு பிரெஸ்ட்விக்குக்கே திரும்பியிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்குள் பந்து மாறிவிட்டது. ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கல் பந்தில் சாண்டி ஹெர்ட் 1902 ஓபனை ஜெயித்த பிறகு குட்டாவின் காலம் முடிந்தது. தூரம் கூடக்கூட மற்ற மைதானங்கள் டீயைப் பின்னால் தள்ளி நீட்டிக்கொண்டன. பிரெஸ்ட்விக்கில் பின்னால் தள்ள இடம் எங்கே? ரயில், ஓடை, கடல். பக்கத்திலேயே ட்ரூன் இருந்தது, 1923-ல் அங்கே ஓபன் நடந்தும் முடிந்திருந்தது. பிரெஸ்ட்விக் இருக்கும் ஏர்ஷயர் பகுதிக்கு ஒரு மைதானம் வேண்டும் என்றால் அகலமான இடம் பக்கத்து ஊரிலேயே தயார். மேடும் ஒன்றையொன்று வெட்டும் பாதையும் நெருக்கமும்தான் 1860-ல் இந்த மைதானத்தைச் சோதனைக் களமாக ஆக்கியவை. அதே மூன்றும்தான் 1925-ல் வெளியே தள்ளின.

கெஜக்கோல்

பௌபர்ன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கூட்டம் இல்லாவிட்டாலும் அந்த மைதானம் யாரையும் சும்மா விட்டதில்லை. மூன்றாவது ஹோலில் கார்டினல் என்ற ராட்சத பங்கர் இருக்கிறது. கரை சரியாமல் இருக்க ரயில் பாதைக்குப் போடும் மரக்கட்டைகளைச் செங்குத்தாக நட்டிருப்பார்கள். மணல் கரையை மரத்தால் தாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் தாழ்வாக அடித்த பந்து கட்டையில் பட்டால் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. 1908-ல் ஜேம்ஸ் பிரெய்ட் அங்கே மாட்டி அந்த ஒரு ஹோலுக்கு 8 எடுத்தார். அப்படியிருந்தும் 291-ல் முடித்து 8 ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். 1914-ல் கடைசிச் சுற்றில் ஜே. எச். டெய்லர் நான்காவது ஹோலில் ஓடையில் போட்டு 7 எடுத்தார், ஹாரி வார்டன் ஆறாவது ஓபனை எடுத்தார். அந்த ஆறு இன்னும் முறியவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க வடிவமைப்பாளர் பீட் டை ஸ்காட்லாந்து வந்து இந்தக் கட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் தன் மைதானங்களில் ரயில் கட்டைகளை நட ஆரம்பித்தார். ஆல்ப்ஸையோ சி. பி. மெக்டொனால்ட் நியூயார்க் மாநிலத்தில் தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் மூன்றாவது ஹோலாக நகல் எடுத்து வைத்தார்.

மேட்டுப்பந்து

இன்று அங்கே போனால் பழைய 12 ஹோலில் எதையாவது அடையாளம் காண முடியுமா?

கெஜக்கோல்

முடியும். கிளப் கட்டடத்துக்கு மேற்கே ஒரு கல் குவியல் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1860-ல் முதல் ஹோலைத் தொடங்கிய இடம் அது. அங்கே நின்று இன்றைய 16-வது க்ரீனைப் பாருங்கள். அந்த 578 கெஜம்தான் சின்ன டாம் மூன்றில் முடித்த ஹோல். கண்ணால் பார்த்தால்தான் அந்த எண் உறைக்கும்.

அன்றைய இரண்டாவது ஹோலான ஆல்ப்ஸ்தான் இன்றைய 17. சாம்பியன்ஷிப் கோல்ஃபில் இன்னும் ஆடப்படும் மிகப் பழைய ஹோல் அது என்பார்கள். மேட்டைப் பார்த்துப் பயந்து பந்தைத் தூக்கவென்று சாய்ந்து அடித்தால் தூரம் குறைந்து நேரே சஹாராவில் விழும். ஒரு படி அதிக தூரம் போகும் கோலை எடுத்து வழக்கம் போலவே அடிப்பதுதான் சரி. க்ரீன் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, முன்னால் விழுவதுதான் ஆபத்து.

ஐந்தாவது ஹோலான ஹிமாலயாஸ் 18 ஹோல் காலத்தில் வந்தது. பார் 3, ஆனால் டீயிலிருந்து க்ரீன் தெரியாது. மேட்டின் முகத்தில் வண்ண வட்டங்கள் வைத்திருப்பார்கள், நீங்கள் எந்த டீயில் நிற்கிறீர்களோ அதற்குரிய வட்டத்துக்கு மேலே அடிக்க வேண்டும். இரண்டு ஹோலிலும் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அதனால் க்ரீனை விட்டு நகரும்போது அங்கே இருக்கும் மணியை அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்தவர் அடிப்பார்.